பழைய சாஃப்ட்வேர் லைசென்ஸை வாங்குவது, விற்பது எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தொழில்கூடங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமை மூடுகிறார்கள் என்றால் லேத்துக்கும் வி.எம்.சி. எனும் கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினுக்கும் விலை பேச ஆள் தானாக வந்துவிடும். மூலையில் கிடக்கும் டிசைன் கம்ப்யூட்டரை மட்டும் மானிட்டரோடு சேர்த்து சில ஆயிரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்குள் இருக்கும் கேட் (வரைபடம் போடுவது), கேம் (மெஷினுக்குப் ப்ரோகிராம் எழுதுவது) சாஃப்ட்வேரின் லைசென்ஸ் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். விற்றவருக்கு அந்தப் பணம் போய்விட்டது. வாங்கியவருக்கும் லைசென்ஸ் முறைப்படி வந்து சேரவில்லை, ஏனென்றால் கம்பெனிப் பதிவேட்டில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது.

வண்டிச் சாவி கையில் இருந்தால் மட்டும் வண்டி நம்முடையது ஆகிவிடாது, ஆர்.சி. புக்கில் பெயர் மாற வேண்டும். லைசென்ஸும் அப்படித்தான். சீரியல் நம்பர், ஆக்டிவேஷன் கீ, யு.எஸ்.பி. டாங்கிள் (செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் சிறு கருவி) இவையெல்லாம் சாவி. உரிமை இருப்பது மூல பில்லிலும், ஒப்பந்தத்திலும், சாஃப்ட்வேர் கம்பெனியின் பதிவேட்டிலும். இந்த மூன்றிலும் பெயர் தொடர்ச்சியாக ஒத்துவந்தால் தைரியமாக வாங்கலாம். ஒன்று அறுந்திருந்தாலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

கையில் இருப்பது எந்த வகை லைசென்ஸ்?

விலை பேசுவதற்கு முன் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். வருடச் சந்தாவா, ஒருமுறை பணம் கட்டி வாங்கிய நிரந்தர உரிமையா என்பது முதல் கேள்வி. சந்தா என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் 365, அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட், இன்றைய ஆட்டோகேட் எல்லாமே குறிப்பிட்ட வாடிக்கையாளர் கணக்கோடு ஒட்டியவை. "இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது, பாஸ்வேர்டு தருகிறேன்" என்பவரிடம் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

வருடத்தைப் பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும். ஆட்டோடெஸ்க் 2016 பிப்ரவரி முதல் பெரும்பாலான தனி சாஃப்ட்வேர்களுக்குப் புதிய நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது. "ஆட்டோகேட் 2022, லைஃப்டைம்" என்று கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைக்கு யாராவது விற்க வந்தால் அப்படி ஒரு சரக்கு சந்தைக்கே வந்ததில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். அடோபியில் நிரந்தர லைசென்ஸாக வந்த கடைசி கிரியேட்டிவ் சூட் ஆறாம் பதிப்பு. 2013-ல் இனி சந்தா மட்டும்தான் என்று ஆனது. தருமபுரியில் ஃப்ளெக்ஸ் கடைக்கோ டி.டி.பி. சென்டருக்கோ "போட்டோஷாப் 2023, ஒரே முறை பணம்" என்று வந்தால் அதற்கும் இதே பதில்தான்.

நிரந்தர உரிமையிலும் நான்கைந்து வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் கைமாற்றும் விதி வேறு.

ஓ.இ.எம். லைசென்ஸ், அதாவது கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ், அந்த மெஷினோடுதான் போகும். தனியாகக் கழற்றி விற்க முடியாது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய கம்பெனி மெஷின்களில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே எடிஷனை மறுபடி இன்ஸ்டால் செய்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்து மெஷினில் கேபினட்டில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் அத்தாட்சி. அந்த ஸ்டிக்கரை மட்டும் உரித்து விற்பதை யாராவது செய்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ரீடெய்ல், அதாவது கடையில் பெட்டியாகவோ ஆன்லைனில் தனியாகவோ வாங்கியது, இருப்பதிலேயே சுலபம். விண்டோஸ் 10-ன் ரீடெய்ல் விதிமுறை இன்னொருவரின் மெஷினுக்கு மாற்ற இடம் தருகிறது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை பலர் கண்ணில் படுவதில்லை. மாற்றித் தருபவர் முதல் உரிமையாளராக இருக்க வேண்டும். அப்படியானால் இந்தக் கைமாற்றம் ஒருமுறைதான். நீங்கள் மூன்றாவது ஆள் என்றால் உரிமை வராது. விற்பவர் பெயரில் முதல் பில் இருக்கிறதா என்று கேட்பது இதற்காகத்தான். ஆஃபீஸின் சமீபப் பதிப்புகளில் வேறொரு முடிச்சு உண்டு. முதல்முறை ஆக்டிவேட் செய்யும்போதே அது ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு கட்டப்பட்டுவிடும். அது கடையில் வேலை பார்த்த பையனின் சொந்த மெயிலாக இருந்தால் கைமாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

வால்யூம் லைசென்ஸ் பத்து, ஐம்பது, நூறு என்று ஒரே ஒப்பந்தத்தில் வாங்கியது. இங்கே கீ ஒன்று, உரிமை பல. பெரிய கம்பெனி தன் துணை நிறுவனத்துக்கு மாற்றுவதற்கும், ஒரு பிரிவையே விற்கும்போது அதோடு சேர்த்து மாற்றுவதற்கும் மைக்ரோசாஃப்ட் தனிப் படிவம் வைத்திருக்கிறது. அந்த வரம்புக்கு வெளியே என்றால் அவர்களின் சம்மதம் வேண்டும். விண்டோஸ் டெஸ்க்டாப்பின் வால்யூம் லைசென்ஸ் ஒரு அப்கிரேடு மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. அடியில் முறையான விண்டோஸ் இல்லாத மெஷினில் அதைப் போட்டால் லைசென்ஸ் இருந்தும் இல்லாத நிலைதான்.

மாணவர் பதிப்பு, டீலருக்கு டெமோவுக்குக் கொடுத்தது, டெவலப்பர் சந்தாவில் வந்த சோதனை கீ ஆகியவை விற்கவே கூடாதவை. ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீ பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில் ஒன்று, அல்லது எங்கோ ஒரு கம்பெனியின் வால்யூம் கீ வெளியே கசிந்தது. ஆறு மாதம் ஓடும். எண்ணிக்கை மீறியது தெரிந்ததும் கம்பெனி அந்தக் கீயை முடக்கிவிடும். அப்போது கேள்வி கேட்க ஆள் இருக்காது.

விண்டோஸில் வகையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்து எழுத்தை அடியுங்கள். ஓர் இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு, டி-எல்-வி என்று அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் ப்ராடக்ட் கீ சேனல் என்ற வரி ரீடெய்லா, ஓ.இ.எம்.மா, வால்யூமா என்று சொல்லிவிடும். டி-எல்-வி இருந்த இடத்தில் எக்ஸ்-பி-ஆர் என்று அடித்தால் நிரந்தர ஆக்டிவேஷனா, தேதி போட்டதா என்று தெரியும். "ஒரிஜினல் விண்டோஸ் ப்ரோ" என்று தந்த பழைய மெஷினில் வால்யூம் கே.எம்.எஸ். என்று வந்து 180 நாளுக்குள் ஒரு தேதியும் காட்டினால், அது ஒரு நிறுவனத்தின் சர்வரைப் பார்த்து ஆக்டிவேட் ஆனது. இல்லையென்றால் அப்படி நடிக்கும் கிராக். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய மெஷின் எடுக்கும் ஓசூர்க்காரர்கள் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. மெஷின் ஹோம் எடிஷனோடு பிறந்து, இப்போது ப்ரோ காட்டினால் அந்த ப்ரோவுக்குத் தனி பில் கேளுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

"பழைய லைசென்ஸ் விற்பது சட்டப்படி சரி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று தரகர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது ஐரோப்பியத் தீர்ப்பை. ஆரக்கிள், யூஸ்ட்சாஃப்ட் வழக்கில் 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பணம் கொடுத்து வாங்கிய நிரந்தர லைசென்ஸை டவுன்லோட் செய்திருந்தாலும் மறுபடி விற்கலாம் என்றது. கூடவே இரண்டு கட்டுப்பாடும் வைத்தது. விற்பவர் தன் பிரதியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். இருபத்தைந்து பேருக்கான சர்வர் லைசென்ஸ் வாங்கி, தேவைக்கு மேல் இருப்பதை மட்டும் பிய்த்து விற்கக் கூடாது. 2016 அக்டோபரில் அதே நீதிமன்றம், மூல டிஸ்க் போய்விட்டது என்பதற்காக பேக்கப் காப்பியை விற்க முடியாது என்றும் சொன்னது. அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2010-ல் ஆட்டோடெஸ்க்குக்கு எதிரான வெர்னர் வழக்கில், வாங்கியவர் பிரதியின் சொந்தக்காரர் அல்ல, லைசென்ஸ் பெற்றவர் மட்டுமே, எனவே மறுவிற்பனை உரிமை இல்லை என்று முடிந்தது.

இந்தத் தீர்ப்புகள் எதுவும் ஓசூர் பட்டறைகளுக்கு இடையில் நடக்கும் விற்பனையைக் கட்டுப்படுத்தாது. இங்கே பார்க்க வேண்டியது 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் ஆக்ட்). அதன் 14(பி) பிரிவு, கம்ப்யூட்டர் ப்ரோகிராமின் பிரதியை விற்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. முன்பு அதில் "ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தாலும்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது, அதாவது ஒருமுறை விற்ற பிரதியின் மறுவிற்பனையும் படைத்தவர் கையில்தான். 1999 திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. இறக்குமதி சாஃப்ட்வேருக்குச் செலுத்தும் பணம் ராயல்டியா என்ற வரி வழக்கில் 2021 மார்ச் 2 அன்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம் இந்த நீக்கத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. மறுவிற்பனைக்கு ஆதரவாக வாதாட இடம் உண்டு என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் வாதாடி ஜெயிக்கும் வரை உங்கள் மெஷின் ஓடாது. லைசென்ஸ் ஒப்பந்தத்தில் "எழுத்துப்பூர்வ சம்மதமின்றி மாற்றக் கூடாது" என்று இருந்து, ஆக்டிவேஷன் சர்வரும் கம்பெனி கையில் இருக்கும்போது, சட்ட வாதத்தை நம்பி முதலீடு செய்வது சிறு தொழிலுக்குச் சரிவராது. கம்பெனியின் சம்மதக் கடிதம்தான் பாதுகாப்பு.

63பி பிரிவையும் தெரிந்து வைத்திருங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். "பழையது என்று நம்பி வாங்கினேன்" என்பதற்கு ஆதாரம் பில்லும் கடிதமும்தான்.

வாங்குபவர் எந்த வரிசையில் போக வேண்டும்

முதலில் நான்கு தாள் கேளுங்கள். முதல் விற்பனையின் வரி பில், லைசென்ஸ் சான்றிதழ் அல்லது கம்பெனி அனுப்பிய உறுதி மெயில், மெயின்டனன்ஸ் (அப்டேட்டுக்கும் உதவிக்குமான வருடக் கட்டணம்) கட்டியிருந்தால் கடைசி ரசீது, லைசென்ஸ் ஒப்பந்தத்தின் நகல். பில்லில் உள்ள பெயர், ஜி.எஸ்.டி. எண், விற்பவரின் இன்றைய பெயர், எண் எல்லாம் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஓசூரில் அடிக்கடி வரும் சிக்கல் இங்கேதான். தனி உரிமையாளர் பட்டறையாக இருந்தபோது வாங்கிய லைசென்ஸ், பிறகு பிரைவேட் லிமிடெட் ஆக மாறியபோது கூடவே மாறியிருக்காது. பான் எண்ணே வேறு. முதலாளி அதே ஆளாக இருந்தாலும் கம்பெனிப் பதிவேட்டில் அது வேறொருவரின் சொத்து. விற்பவர் முதலில் தன் பெயருக்கு அதைச் சரிசெய்யட்டும், பிறகு பேசலாம்.

மெஷின்கள் வங்கிக் கடனில் எடுத்தவையாக இருந்தால் கடன் பத்திரத்தில் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் அடமானப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூட வேண்டாம்.

அடுத்து, சீரியல் நம்பரின் கடைசி நான்கைந்து எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கம்பெனிக்கோ அதன் அங்கீகாரம் பெற்ற டீலருக்கோ மெயில் போடச் சொல்லுங்கள். முழு நம்பரையும் வைத்து மெயில் போட வேண்டியவர் விற்பவர், ஏனென்றால் பதிவான மெயிலிலிருந்து வந்தால்தான் கம்பெனி பதில் தரும். நகலில் உங்கள் மெயிலைச் சேர்க்கச் சொல்லுங்கள். மெயிலில் நான்கு கேள்வி இருக்க வேண்டும். இந்த லைசென்ஸ் இன்று யார் பெயரில், எந்த நிலையில் இருக்கிறது? இந்தப் பெயருக்கு மாற்ற சம்மதமா? மாற்றக் கட்டணம், நிலுவை மெயின்டனன்ஸ் எவ்வளவு? மாற்றிய பிறகு புதிய மெஷினில் ஆக்டிவேஷன் கிடைக்குமா, எந்தப் பதிப்பு வரை? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உரிமை சரியாக மாறியும், அந்தப் பழைய பதிப்புக்கு ஆக்டிவேஷன் தரும் சர்வரையே கம்பெனி நிறுத்திவிட்டிருந்தால் கையில் மிஞ்சுவது தாள் மட்டும்.

டீலர் போனில் "ஆகிடும் சார், பாத்துக்கலாம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி முகவரியிலிருந்து எழுத்தில் வர வேண்டும்.

பிறகு தொழில்நுட்பப் பொருத்தம். கேம் சாஃப்ட்வேர் என்றால் மாட்யூல் பட்டியலை வரிக்கு வரி பாருங்கள். மூன்று ஆக்ஸிஸ் மில்லிங், டர்னிங், ஒயர்கட், ஐந்து ஆக்ஸிஸ் எல்லாம் தனித்தனி விலைக்கு வாங்கியவை. "ஃபுல் பேக்கேஜ்" என்று சொல்லிவிட்டு மூன்று ஆக்ஸிஸ் மட்டும் இருப்பது வழக்கம். வெட்டும் பாதையை மெஷின் கன்ட்ரோலுக்குப் புரியும் ஜி-கோடாக மாற்றும் போஸ்ட் ப்ராசஸரையும் தனியாகக் கேளுங்கள். விற்பவரின் மெஷினில் ஃபானக் கன்ட்ரோல், உங்களிடம் சீமென்ஸ் என்றால் அவருடைய போஸ்ட் உங்களுக்கு உதவாது. புதிதாக எழுத டீலர் தனிக் கட்டணம் வாங்குவார். ஏற்கெனவே இருக்கும் போஸ்ட் டீலர் எழுதித் தந்ததாக இருந்தால் அதை மாற்றித்தர அவருடைய சம்மதமும் தேவைப்படும். டாங்கிளைச் செருகி உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் விண்டோஸ் பதிப்பில் டிரைவர் எடுக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த பார்ட் ஒன்றை எடுத்துப்போய் டூல் பாத் போட்டு, ஜி-கோடு வெளியே வரும்வரை ஓட்டிப் பாருங்கள். சில மாட்யூல்கள் திரையில் எல்லாம் காட்டும், கோடு எழுதும்போதுதான் லைசென்ஸ் இல்லை என்று நிற்கும்.

சர்வர் பக்கம் இரண்டு எண் நினைவில் இருக்கட்டும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் ப்ராசஸரில் உள்ள கோர் எண்ணிக்கைதான் கணக்கு. ஒரு ஃபிசிக்கல் சர்வருக்குக் குறைந்தது 16 கோர் லைசென்ஸ் வேண்டும், உங்கள் ப்ராசஸரில் எட்டுதான் இருந்தாலும். இணைந்து வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு மெஷினுக்கும் தேவைப்படும் அணுகல் லைசென்ஸ் பதிப்போடு கட்டப்பட்டது. 2016-க்கு வாங்கியதை வைத்து 2019 சர்வரை அணுக முடியாது. 2019-க்கு வாங்கியது 2016-க்குப் போதும். பழைய லைசென்ஸ் மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆதரவு முடியும் தேதியைப் பார்க்காமல் வாங்குவதுதான் அதிகப் பணத்தைக் கரைக்கிறது. விண்டோஸ் 10-க்கும் ஆஃபீஸ் 2016, 2019-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. ஆஃபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12. இந்தத் தேதிக்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வழக்கமாக வராது. இன்டர்நெட்டே இல்லாமல் மெஷினுக்குப் ப்ரோகிராம் ஏற்ற மட்டும் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அது பரவாயில்லை. பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி. ரிட்டனும் நடக்கும் மெஷினுக்கு வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினோடு வரும் ஓ.இ.எம். விண்டோஸுக்குத் தனி மதிப்புப் போடாதீர்கள்.

டேலியைப் பற்றித் தனியாக

மாங்கூழ் ஆலை, ஜவுளிக் கடை, பாலக்கோடு மண்டி எல்லா இடத்திலும் இருப்பதால் கணக்கு சாஃப்ட்வேரான டேலியின் பழைய லைசென்ஸ் பற்றிய பேச்சு அதிகம் வரும். சில்வர் ஒரு கம்ப்யூட்டருக்கு. கோல்டு ஒரே அலுவலக நெட்வொர்க்கில் (லேன்) பலருக்கு. ஒன்பது இலக்க சீரியல் நம்பர் இருக்கும். அதைவிட முக்கியம், பதிவான மெயில். வேறு மெஷினில் ஆக்டிவேட் செய்யும்போது திறப்பு கீ அந்த மெயிலுக்குத்தான் போகும். நம்பரை மட்டும் வாங்கி, மெயில் பழைய அக்கவுன்டன்ட் பெயரில் இருந்தால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். அவர் எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல் போகலாம்.

லைசென்ஸ் நிரந்தரம், ஆனால் டி.எஸ்.எஸ். எனப்படும் வருடச் சேவை தனி. அது முடிந்த தேதிக்கு முன் வெளியான பதிப்புவரை ஓடும், பிறகு வந்தது ஓடாது. டேலி ஈ.ஆர்.பி. 9-ல் நின்றுபோன பழைய லைசென்ஸை வாங்கி டேலி ப்ரைமுக்கு ஏற்ற வேண்டுமென்றால் டி.எஸ்.எஸ். புதுப்பித்தாக வேண்டும். பழைய லைசென்ஸ் விலையோடு அந்தத் தொகையையும் கூட்டி, புதிய சில்வர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் வித்தியாசம் கைமாற்றும் சிரமத்துக்கு ஈடாகாது. புதிதே வாங்கிவிடலாம்.

விற்பவர் செய்ய வேண்டியது

தொழில்கூடத்தை மூட முடிவெடுத்தால் மெஷின் விற்பதற்கு முன்பே லைசென்ஸ் வேலையைத் தொடங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்தபின், கூட்டாளிகள் பிரிந்தபின், கம்பெனிப் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டபின் கையெழுத்துப் போட அதிகாரமுள்ளவர் யார் என்ற கேள்வி வரும். சாஃப்ட்வேர் கம்பெனி அந்தக் கேள்வியிலேயே ஃபைலை நிறுத்திவிடும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் எல்லா கம்ப்யூட்டரிலும் இருப்பதைப் பட்டியல் போடுங்கள்: பெயர், பதிப்பு, சீரியல், எத்தனை பேருக்கு, பில் எண், தேதி. அடுத்து தரவைப் பிரித்து எடுங்கள். டிராயிங், பார்ட் ப்ரோகிராம், கணக்கு டேட்டா எல்லாம் இன்னொரு டிஸ்க்கில் போக வேண்டும். வரைபடங்களை வேறு சாஃப்ட்வேர் திறக்கும் வடிவத்திலும் ஒரு பிரதி சேமியுங்கள். திட மாடலுக்கு ஸ்டெப், தாள் வரைபடத்துக்கு டி.எக்ஸ்.எஃப். போதும். லைசென்ஸ் போனபின் உங்கள் பழைய டிராயிங்கையே திறக்க முடியாமல் நிற்பது மிக மோசம்.

அதற்குப் பிறகுதான் டீஆக்டிவேட். சாலிட்வொர்க்ஸில் ஹெல்ப் மெனுவில் லைசென்ஸ் பகுதியில் இதற்கான வழி இருக்கிறது. டேலியில் சரண்டர் என்று பெயர். விண்டோஸ் ரீடெய்ல் கீயை எடுக்க, முன்பு சொன்ன ஐந்தெழுத்துக் கமாண்டோடு ஸ்லாஷ் யு-பி-கே, பிறகு ஒருமுறை ஸ்லாஷ் சி-பி-கே-ஒய். இன்டர்நெட் இணைப்பு இருக்கும்போதே செய்து, "டீஆக்டிவேட் ஆனது" என்று வரும் திரையை நேரம், தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. கம்பெனி சர்வரில் அந்தப் பழைய மெஷின் இன்னும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், வாங்கியவருக்கு "எண்ணிக்கை முடிந்தது" என்று வரும். சரிசெய்ய கம்பெனியிடம் கெஞ்ச வேண்டும்.

டாங்கிளைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பாமல் நேரில் கொடுத்து, அதன் மேல் உள்ள எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொலைந்தால் பல கம்பெனிகள் முழு லைசென்ஸையும் தொலைந்ததாகவே கருதும். கொடுத்தபின் உங்களிடம் ஒரு பிரதியும் ஓடக் கூடாது. டிஸ்க்கின் பேக்கப் இமேஜில் இருப்பதும் பிரதிதான். தமிழ் ஃபான்ட் மூட்டைகளைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுக்கும் அச்சகத்தார் அந்த ஃபான்ட்டுகளின் லைசென்ஸ் தனி என்பதைக் கவனிக்க வேண்டும்.

விலை போடும் முறை

புதிய விலையில் பாதி என்ற வாய்க்கணக்கு வேண்டாம். வாங்குபவர் இறுதியில் கையை விட்டு இறக்கும் மொத்தத் தொகையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கணக்குக்காக ஒரு கேம் சாஃப்ட்வேரின் இன்றைய புது விலை 4,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாற்றக் கட்டணம் 40,000. விட்டுப்போன மெயின்டனன்ஸை மறுபடி தொடங்க 90,000. உங்கள் கன்ட்ரோலுக்கு போஸ்ட் எழுத 20,000. ஆக 1,50,000 எப்படியும் செலவு. புதிதில் ஒரு வருட உதவியும் பயிற்சியும் சேர்ந்து வரும், அதற்கு 50,000 கழியுங்கள். மீதி 2,00,000. இதுவே உச்ச வரம்பு. காகிதத் தொடர்ச்சி பலமாக இருந்தால் இதில் பாதிக்கு மேல் போகலாம். சிறு சந்தேகம் இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மெயின்டனன்ஸே தேவையில்லை, இருக்கும் பதிப்பே போதும் என்றால் 90,000 மிச்சம், விற்பவருக்கும் நல்ல விலை கிடைக்கும். அந்தந்தக் கம்பெனியின் உண்மையான கட்டணத்தை எழுத்தில் வாங்கி இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஒப்பந்தமும் பணமும்

பத்திரத்தாளில் இரண்டு பக்கம் போதும். இருவரின் பெயர், பான், ஜி.எஸ்.டி. எண், சாஃப்ட்வேரின் முழுப் பெயர், பதிப்பு, சீரியல், மாட்யூல், முதல் பில் எண், கம்பெனி சம்மதக் கடிதத்தின் தேதி, விற்பவர் எல்லாப் பிரதியையும் அழித்துவிட்டதாக உறுதி, வேறு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ இல்லை என்ற உறுதி. கம்பெனி பெயர் மாற்ற மறுத்தால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்ற வரியை எக்காரணத்துக்கும் விடாதீர்கள். அட்வான்ஸ் பத்து சதவீதம், சம்மதக் கடிதம் வந்ததும் நாற்பது, உங்கள் பெயரில் ஆக்டிவேட் ஆனதும் மீதி. எல்லாம் வங்கி வழியாக. இதற்கு ஒப்பாத விற்பவரிடம் அவசரம் இருக்கிறது. என்ன அவசரம் என்று விசாரியுங்கள்.

வரி

சாஃப்ட்வேருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பதிவு பெற்ற விற்பவர் வரி பில் தர வேண்டும், வாங்குபவர் உள்ளீட்டு வரி எடுத்துக்கொள்ளலாம் (அதாவது, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் அதைக் கழித்துக்கொள்ளலாம்). ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே என்றால் மத்திய, மாநில வரியாகப் பிரியும். அத்திபெலே தாண்டி கர்நாடகத்திலிருந்து வந்தால் ஐ.ஜி.எஸ்.டி. கம்ப்யூட்டராக வண்டியில் வந்தால் மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் தேவை. தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம்.

மூலதனப் பொருளாக ஏற்றி உள்ளீட்டு வரி எடுத்த கம்ப்யூட்டரை விற்பவர், விற்ற விலைக்கு வரும் வரி, எடுத்த வரியில் ஒவ்வொரு காலாண்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஐந்து சதவீதப் புள்ளி கழித்த மீதி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். வாங்கி ஒரே வருடத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றால் இந்த இரண்டாவது கணக்கு கடிக்கும். வருமான வரியில் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் ஒரே தொகுதி, தேய்மானம் 40 சதவீதம். விற்ற தொகை அந்தத் தொகுதியிலிருந்து கழியும்.

டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி பற்றி ஒரு பயனுள்ள விலக்கு உண்டு, பலரும் பயன்படுத்துவதில்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின் கீழ் சாஃப்ட்வேர் பணத்துக்கு வரி பிடிப்பது பற்றி 2012 ஜூன் 13 தேதியிட்ட 21/2012 அறிவிக்கை வந்தது. உள்நாட்டவர் ஒருவர் சாஃப்ட்வேரில் மாற்றம் எதுவும் செய்யாமல் அடுத்தவருக்கு மாற்றுகிறார், முந்தைய கைமாற்றத்திலேயே வரி பிடிக்கப்பட்டிருக்கிறது, அதற்கான உறுதிமொழியும் பான் எண்ணும் வாங்குபவரிடம் தரப்பட்டிருக்கிறது என்றால் மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. உறுதிமொழியை ஒப்பந்தத்தோடு சேர்த்தே கையெழுத்து வாங்கிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. பில் போடும் முன் ஆடிட்டரிடம் நடப்பு எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு ஃபைல் போடுங்கள். முதல் பில், இரண்டாம் பில், ஒப்பந்தம், சம்மதக் கடிதம், டீஆக்டிவேஷன் படம், புதிய பெயரில் வந்த உறுதி மெயில். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் ஃபைலை அந்த சாஃப்ட்வேர் ஓடும்வரையும், அடுத்தவருக்கு விற்றால் அதற்கு அப்புறமும் வைத்திருங்கள். சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆடிட் நோட்டீஸ் வந்தால் பதில் போடும் முன் இந்த ஃபைலை எண்ணிப் பாருங்கள்: இன்ஸ்டால் ஆகியிருக்கும் மெஷின் எத்தனை, ஃபைலில் உரிமை எத்தனை. கணக்கு இடித்தால் குறைவதை வாங்குங்கள், ஆனால் பழைய தேதி போட்ட தாள் எதையும் தயாரிக்காதீர்கள். நோட்டீஸுக்கு வக்கீல் வழியாக, உள்ள நிலையை அப்படியே எழுதி அனுப்புங்கள்.